கெடாமலும் கற்கண்டாகாமலும்

சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த கரைசலைச் சமையலறையில் பாகு என்கிறார்கள். அதில் வேரோ பூவோ பழச்சாறோ சேர்ந்தால் சர்பத் ஆகிறது. மூலிகைச் சாற்றோடு காய்ச்சப்படும்போது சித்த மருத்துவம் அதை மணப்பாகு என்ற பெயரில் 32 அகமருந்து வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. செய்வதற்கு இதைவிட எளிய பண்டம் இல்லை என்றே தோன்றும். ஆயினும் ஒரு வீட்டில் காய்ச்சிய நன்னாரி சர்பத் கோடை முழுவதும் கெடாமல் நிற்க, அதே கடையில் வாங்கிய வேரையும் சர்க்கரையையும் கொண்டு செய்த இன்னொரு வீட்டுச் சர்பத் சில நாள்களிலேயே நுரைத்துப் புளிப்பதும், மூன்றாவது வீட்டில் புட்டியின் அடியில் கற்கண்டு இறங்கிக் கிடப்பதும் ஏன் என்று கேட்டால், கைப்பக்குவம் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு நகர்வது வழக்கமாக இருக்கிறது. அந்தக் கைப்பக்குவத்தின் பெரும்பகுதி ஓர் எண்ணில் அடங்கும்: 100 கிராம் பாகில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதே அந்த எண். அது குறைந்தால் பாகு கெடுகிறது, மிகுந்தால் படிகமாகிறது; இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறுகலானது.

கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ் என்னும் ஒரே சேர்மத்தால் ஆனது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றும் ஃப்ரக்டோஸ் மூலக்கூறு ஒன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியாகப் பிணைந்து சுக்ரோஸ் உருவாகிறது. இம்மூலக்கூற்றின் உடலில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் எட்டு இடங்களில் துருத்திக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறும் இத்தகைய தொகுதியை உடையதே ஆகையால், இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் மெல்லிய மின்னீர்ப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. படிகத்தின் விளிம்பில் உள்ள சுக்ரோஸ் மூலக்கூறுகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாகச் சூழ்ந்து பெயர்த்தெடுத்துச் செல்வதையே கரைதல் என்கிறோம். இதற்கு அடுப்பு கட்டாயமில்லை. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் உள்ள நீர்த்த பாகைக் குளிர்ந்த நீரிலேயே கலக்கிச் செய்துவிடலாம். சூடு கரைதலை விரைவாக்குகிறது, நீரில் இருக்கக்கூடிய நுண்ணுயிர்களை அழிக்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாற்றிலும் குளிர்ந்த காப்பியிலும் சர்க்கரையை நேரடியாகப் போட்டால் அடியில் மணலாகத் தங்கிவிடுகிறது என்பதால், முன்கூட்டியே கரைத்து வைத்த இந்த நீர்த்த பாகுக்குப் பானக் கடைகளில் நிலையான இடம் உண்டு.

அளவில் நேரும் முதற்பிழை டம்ளரிலிருந்து தொடங்குகிறது. ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது கேட்பதற்குச் சம அளவு போலத் தோன்றினாலும் எடையில் சமமன்று. 240 மில்லிலிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் தண்ணீர் 240 கிராமும், பரல்களுக்கு இடையே காற்று புகுந்திருப்பதால் சர்க்கரை சுமார் 200 கிராமும்தான் நிற்கும். அந்த 200 கிராம் சர்க்கரை கரைந்தபின் அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 126 மில்லிலிட்டரே ஆகையால், இரண்டு டம்ளர் சேர்ந்து ஒன்றரை டம்ளர் பாகாகச் சுருங்குகிறது. சர்க்கரையின் பங்கும் 50 விழுக்காடாக இல்லாமல் 45 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. பரல் பொடியாக இருக்கிறதா பெரிதாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மேலும் சாயும். நீர்த்த பாகில் இவ்வளவு வேறுபாடு பெரிதன்று; நெடுநாள் வைக்கும் பாகில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எனவே தராசு இல்லாத வீட்டில் சர்பத் காய்ச்சுவது ஓரளவு அதிர்ஷ்டத்தை நம்பிய வேலைதான்.

மேல் எல்லையை முதலில் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தண்ணீர் ஏற்கக்கூடிய சர்க்கரைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட்ட கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்பார்கள். 20 பாகை செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சுக்ரோஸைக் கரைத்துக்கொள்ளும், அதாவது பாகில் சர்க்கரையின் பங்கு சுமார் 66.7 விழுக்காடு, 60 பாகையில் இது 290 கிராமை நெருங்குகிறது, கொதிக்கும் நீரிலோ 480 கிராமைத் தாண்டுகிறது. சூடாக இருக்கையில் தாராளமாக ஏற்றுக்கொண்ட சர்க்கரையை ஆறும்போது தண்ணீரால் தாங்க முடிவதில்லை. வரம்புக்கு மேலிருக்கும் சர்க்கரை உடனே வெளியே வந்துவிடுவதும் இல்லை. பற்றிக்கொள்ள ஒரு படிகத் துணுக்கோ தூசோ பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய பரலோ கிடைக்கும்வரை அது அதிதெவிட்டிய கரைசலாக, எந்நேரமும் குலையக்கூடிய நிலையில் காத்திருக்கிறது. காய்ச்சும் பாத்திரத்தின் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுவதும், கொதிக்கத் தொடங்கிய பாகைக் கரண்டியால் கிளறாமல் விடுவதும் இந்த விதைத் துணுக்குகளைத் தவிர்ப்பதற்காகத்தான். பனங்கற்கண்டு செய்வோர் இதே இயல்பை வேண்டுமென்றே தூண்டிவிடுகிறார்கள்: காய்ச்சிய பதநீர்ப் பாகில் நூல்களைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்து, நூலைப் பற்றிப் படிகம் வளர விடுகிறார்கள்.

கீழ் எல்லையை வகுப்பவை நுண்ணுயிர்கள். பாகில் தண்ணீர் இருந்தாலும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸோடு பிணைந்து கிடப்பதால், உயிரணு ஒன்று எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நீர் குறைவே. இந்தக் கிடைப்பளவை உணவியலார் நீர்ச்செயல்பாடு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. சர்க்கரை 50 விழுக்காடு உள்ள பாகில் சுமார் 0.94, தெவிட்டிய பாகில் சுமார் 0.85. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழ் பெருகுவதில்லை. செறிந்த கரைசலில் விழுந்த உயிரணுவிலிருந்து சவ்வூடு பரவலால் நீர் வெளியேறிவிட, அது வாடி ஒடுங்குகிறது. பூஞ்சைகள் இன்னும் வறண்ட நிலையையும் தாங்குபவை. பல வகைகள் 0.80 வரை இறங்கி வளரும். சர்க்கரையையே விரும்பி வாழும் சில ஈஸ்டுகளோ 0.62-ஐ ஒட்டிய நீர்ச்செயல்பாட்டிலும் மெல்ல வளரக்கூடியவை, ஆகவே எந்தப் பாகும் முற்றிலும் அழியாதது என்று சொல்ல முடியாது. எனினும் 65 விழுக்காட்டை எட்டிய பாகில் இவற்றின் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. இதனாலேயே இந்திய மருந்து நூல் தன் எளிய சிரப்பை எடையில் 66.7 விழுக்காடு சுக்ரோஸ் உள்ளதாக வரையறுக்கிறது; அமெரிக்க மருந்து நூலில் ஒரு லிட்டர் சிரப்புக்கு 850 கிராம் என்றிருப்பதை எடைக் கணக்குக்கு மாற்றினால் 65-ஐ ஒட்டியே வருகிறது. பழச் சர்பத்தில் கரைதிடப் பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று இந்திய உணவு விதிகள் கூறுவதும், 40 விழுக்காடு போதும் என்று விடப்பட்ட ஸ்குவாஷ் வகைகளில் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்க நேர்வதும் இதே கணக்கின் வெளிப்பாடுகளே.

ஆக, சுமார் 65-க்குக் கீழே போனால் கெடும். 67-க்கு மேலே போனால் அறைச் சூட்டிலேயே படிகம் இறங்கத் தொடங்கலாம். தமிழ்நாட்டின் கோடையில் அறை வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போது மேல் எல்லை 68 வரை சற்று நெகிழ்கிறது. ஆனால் அதே பாகைக் குளிர்பெட்டியில் 5 பாகையில் வைத்தால் எல்லை 65-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. கெட்டியான பாகைக் கூடுதல் பாதுகாப்புக்காகக் குளிர்பெட்டியில் வைத்தவர்கள் சில வாரங்களில் அடியில் கற்கண்டைக் காண்பதும், சர்க்கரையில் ஒரு பகுதி இப்படிப் படிகமாக விலகிவிட, மேலே நிற்கும் திரவம் முன்னைவிட நீர்த்துப்போவதும் இதனால் நிகழ்பவை. நீர்த்த பாகுக்குக் குளிர்பெட்டி தேவை, அங்கேயும் இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் அதை நம்பி வைக்கக்கூடாது. சரியான அளவில் காய்ச்சிய கெட்டிப் பாகுக்கு வெயில் படாத அலமாரியே ஏற்ற இடம்.

இந்தக் குறுகிய இடைவெளியை அகலமாக்கும் வழி ஒன்று வெகுநாளாகவே சமையலறையில் இருந்து வருகிறது. பாகு கொதிக்கையில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துப் படிகமாகாது என்பது இனிப்புச் செய்வோர் அனைவரும் அறிந்தது. அமிலமும் வெப்பமும் சேர்ந்து, சுக்ரோஸின் இரு பாதிகளையும் இணைக்கும் ஆக்சிஜன் பாலத்தில் ஒரு நீர் மூலக்கூற்றைச் செருகி, அதைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கின்றன. நீராற்பகுத்தல் என்பது இவ்வினையின் பெயர். படிகம் என்பது ஒரே வடிவ மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கப்படுவதால் வளர்வது. வேறு வடிவம் கொண்ட குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இடையிடையே புகும்போது அந்த அடுக்கு தடைப்படுகிறது. கூடவே இன்னொரு நன்மையும் விளைகிறது. ஒரு மூலக்கூறு இரண்டாவதால், அதே அளவு சர்க்கரை முன்னைவிட மிகுதியான தண்ணீரைப் பிணைத்துக்கொள்ள, நீர்ச்செயல்பாடு மேலும் தாழ்கிறது. மேல் எல்லை உயர்கிறது, கீழ் எல்லை தாழ்கிறது. ஓர் எலுமிச்சைத் துண்டுக்கு இது சிறிய சாதனை அன்று. தேன் இந்த வழியை இறுதிவரை சென்று பார்த்த பண்டம்: தேனீயின் உடலில் சுரக்கும் நொதி பூந்தேனின் சுக்ரோஸை ஏறத்தாழ முழுமையாகப் பிரித்துவிடுவதால், தண்ணீர் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக வற்றிய பிறகும் அது திரவமாக நிற்கிறது, கெடுவதும் அரிது.

வேதியியலின் வரலாற்றில் இந்த எலுமிச்சைச் சொட்டுக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியைச் சுக்ரோஸ் கரைசலுக்குள் செலுத்தினால் அத்தளம் வலப்புறம் திரும்புகிறது. அமிலம் சேர்த்துப் பிரித்த பின் அதே கரைசல் ஒளியை இடப்புறம் திருப்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ழான்-பாப்டிஸ்ட் பியோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கவனித்த இந்தத் திசைமாற்றத்தாலேயே பிரிந்த கலவைக்கு எதிர்மாறு சர்க்கரை என்ற பெயர் நிலைத்தது. பாத்திரத்தைத் திறக்காமல், மாதிரி எடுக்காமல், ஒளியின் கோணத்தைப் பார்த்தே எவ்வளவு சர்க்கரை பிரிந்திருக்கிறது என்று எந்நொடியிலும் கணக்கிட முடியும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, 1850-இல் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி, வினையின் வேகம் மீதமுள்ள சுக்ரோஸின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று கணித வடிவில் காட்டினார். வேதிவினைகளின் வேகத்தை அளந்து ஆராயும் வினைவேகவியல் என்ற துறையின் முதல் சமன்பாடாக அது மதிக்கப்படுகிறது. 1913-இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் நொதிகளின் செயல்வேகத்துக்கு எழுதிய, இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கிற சமன்பாடும், அமிலத்துக்குப் பதிலாக இன்வெர்டேஸ் என்ற நொதியைக் கொண்டு இதே சுக்ரோஸைப் பிரித்துப் பார்த்ததில் பிறந்தது.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இந்தப் பிரிவு காய்ச்சும்போதே ஓரளவு நடந்துவிடுகிறது. தாது உப்புகளும் பிற கரைபொருள்களும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஆகவே வெல்லப் பாகு வெள்ளைச் சர்க்கரைப் பாகைப்போல் எளிதில் பூப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மண்டியிலும் ஒவ்வொரு பருவத்திலும் வெல்லத்தின் சேர்க்கை மாறுவதால், எடைக் கணக்கை அப்படியே அதன்மீது சுமத்த முடியாது. அங்கே கைப்பதமே இன்னும் நம்பகமான வழிகாட்டி.

பதம் பார்ப்பது என்ற அந்தக் கலையின் அறிவியல் அடிப்படை கொதிநிலையில் இருக்கிறது. கரைபொருள் சேர்ந்த நீர் தூய நீரைவிட உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்கும். தண்ணீர் ஆவியாகிச் செறிவு ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். எனவே கொதிக்கும் பாகின் வெப்பநிலை அதன் செறிவைக் காட்டும் அளவுகோலாகிறது. கடல்மட்டத்தில் 50 விழுக்காட்டுப் பாகு சுமார் 102 பாகையிலும், 60 விழுக்காடு 103-லும், 70 விழுக்காடு 106-லும், 80 விழுக்காடு 112-லும், 90 விழுக்காடு 123-லும் கொதிக்கும். இந்த வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும்: 50-லிருந்து 60-க்கு ஏறுகையில் வெப்பநிலை ஒரே ஒரு பாகைதான் நகர்கிறது, 80-லிருந்து 90-க்கோ 11 பாகை தாவுகிறது. ஆகவே இனிப்புகளுக்கான கெட்டிப் பாகில் வெப்பமானி நுட்பமான கருவி, சர்பத்துக்கான பாகில் அது அவ்வளவு பயன்படாது. விரலும் அப்படித்தான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே கம்பி இழுபடத் தொடங்குவது செறிவு 70 விழுக்காட்டைத் தாண்டிய பிறகே. தண்ணீரில் விட்டு உருட்டும் பதம் அதற்கும் மேலே உள்ளது; கடலை மிட்டாய்க்கு வேண்டிய, தட்டில் போட்டால் கணீரென ஒலிக்கும் பதமோ தண்ணீர் ஒரு சில விழுக்காடே மிஞ்சும் இடத்தில் உள்ளது. மைசூர்பாக்குக்குக் கம்பிப் பதம் பொருத்தமானது; சர்பத் பாகு முழுக் கம்பி இழுக்கும்வரை காய்ச்சப்பட்டால் மேல் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். பழக்கமுள்ளவர்கள் அதற்கு முன்னரே, விரலில் பிசுக்கென ஒட்டுகிற நிலையில் இறக்கிவிடச் சொல்வது இதனால்தான்.

புதிதாகச் செய்பவரை ஏமாற்றுவது பாகின் கெட்டித்தன்மை. 20 பாகையில் 50 விழுக்காட்டுப் பாகு தண்ணீரைவிட ஏறத்தாழ 15 மடங்கு பிசுபிசுப்பானது, 65 விழுக்காட்டுப் பாகோ ஏறத்தாழ 150 மடங்கு. ஆனால் அடுப்பில் இருக்கையில் அதே பாகு தண்ணீராகவே ஓடும். இன்னும் இறுகட்டும் என்று காத்திருப்பவர் ஆறியபின் கற்கண்டைத்தான் சந்திப்பார். இதற்கு எளிய மாற்று எடையிடுவது. வெறும் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு, 1 கிலோ சர்க்கரை போட்ட பாகு 1.54 கிலோவாக வற்றும்வரை காய்ச்சினால் செறிவு 65 விழுக்காட்டில் நிற்கும். அதற்கு எந்தப் பதமும் பார்க்கத் தேவையில்லை. தொழிற்கூடங்களில் ஒளிவிலகல்மானியின் கண்ணாடிமேல் ஒரு சொட்டு வைத்துப் பிரிக்ஸ் அளவைப் படிக்கிறார்கள். அடால்ஃப் பிரிக்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயர் கொண்ட அந்த அளவு, 100 கிராம் கரைசலில் உள்ள சுக்ரோஸின் கிராம் எண்ணிக்கையே. வெப்பமானியை விட மனமில்லாதவர்கள், அந்த ஊரில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 பாகை கூடுதலாக வரும்போது இறக்கலாம். ஊரை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு: 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதிப்பதால், சென்னைக்கு எழுதிய வெப்பநிலையை அங்கே பின்பற்றினால் பாகு கல்லாகிவிடும்.

வெள்ளையாகத் தோன்றும் சர்க்கரையும் கரைந்தபின் சற்றுக் கலங்கித் தெரிவதுண்டு. கொதிக்கும் பாகில் ஒரு கரண்டி பால் விட்டால், பால்புரதம் திரிந்து அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு நுரையாக மேலெழும். அதைக் கரண்டியால் ஒதுக்கி எடுப்பது இனிப்புக் கடைகளின் வழக்கம். சேமித்து வைக்கும் சர்பத்துக்கு மெல்லிய துணியில் வடிகட்டுவதே மேல்.

மணமூட்டுவதில்தான் வீட்டுக்கு வீடு வழிகள் பிரிகின்றன. நன்னாரியை எடுத்துக்கொண்டால், அதன் மணம் முதன்மையாக 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்ற சேர்மத்திலிருந்து வருகிறது. வனிலாவின் மணப்பொருளான வனிலினும் இதுவும் மாற்றியங்கள். அதாவது இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அவை அமர்ந்திருக்கும் இடங்கள் மட்டும் வேறு. இட வேறுபாட்டின் விளைவு பெரிது. நன்னாரிச் சேர்மத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த இடத்திலேயே இருப்பதால், இரண்டும் தமக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கிக்கொள்கின்றன. வெளியே உள்ள நீரைப் பற்றிக்கொள்ளக் கை மிச்சமில்லாத அந்த மூலக்கூறு நீராவியோடு எளிதில் கிளம்பிவிடுகிறது. வனிலினில் அவ்விரு தொகுதிகளும் எதிரெதிர் முனைகளில் இருப்பதால் அது அவ்வளவு எளிதில் ஓடுவதில்லை. வேரைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாற்றைப் பாதியாக வற்றவைக்கும் முறை, தெருவுக்கே மணத்தைக் கொடுத்துவிட்டுப் புட்டிக்குள் கசப்பையும் நிறத்தையும் அடைப்பதாக முடியும்.

மணத்தைக் காக்க வேண்டுமானால், தண்ணீரை வற்றவைத்துச் செறிவை எட்டுவதைக் கைவிட்டு, வேண்டிய சர்க்கரையைத் தொடக்கத்திலேயே நிறுத்துப் போடுவதே முறை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய 100 கிராம் வேரை மண் போகக் கழுவி, இலேசாக இடித்து, மணமில்லாத நடுக்கட்டையை நீக்கிவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் தண்ணீரை அதன்மேல் ஊற்றி இறுக மூடி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் வடிகட்டிய சாற்றை நிறுத்து, அதன் எடையைப்போல் 1.86 மடங்கு சர்க்கரை, அதாவது 700 கிராம் சாற்றுக்கு 1,300 கிராம் சர்க்கரை சேர்த்தால் செறிவு 65 விழுக்காடாகிவிடும். 60 பாகையில் தண்ணீர் இதைவிட மிகுதியான சர்க்கரையைக் கரைக்கும் ஆற்றல் உடையது என்பதால் கொதிக்கவிடத் தேவையே இல்லை. நுண்ணுயிர்களுக்காக, மூடிய பாத்திரத்தில் 80 அல்லது 85 பாகை வரை சில நிமிடம் சூடேற்றி, அரை மூடி எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்து இறக்கினால் போதும். இந்தக் குறைந்த சூட்டில் சுக்ரோஸ் சிறிதளவே பிரியும். ஆனால் செறிவே சரியாக இருக்கையில் எலுமிச்சையின் உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. இப்படிக் கிடைக்கும் பாகு வெளிர்ந்த பழுப்பாகவே இருக்கும். கடைச் சர்பத்தின் அடர்ந்த கருஞ்சிவப்பை இதில் எதிர்பார்க்கக்கூடாது.

எல்லா மணப்பொருளும் நன்னாரியைப்போல் நடந்துகொள்வதில்லை. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜின்ஜெரால்கள் சூட்டில் நீரை இழந்து ஷோகால்களாக மாறுவதால் காரத்தின் இயல்பே மாறுகிறது. ஆகவே இஞ்சியைக் கொதிக்கவைப்பதா ஊறவைப்பதா என்பது சுவையைப் பொறுத்த தேர்வே, சரி தவறு இதில் இல்லை. எலுமிச்சை, நாரத்தைத் தோல்களின் மணம் எண்ணெய்ப் பைகளில் அடைந்து கிடப்பது. தோலின் மேற்பரப்பை வெள்ளைப் பகுதி படாமல் சீவி, உலர்ந்த சர்க்கரையோடு பிசறிச் சில மணிநேரம் மூடி வைத்தால், சர்க்கரை தோலின் ஈரத்தை இழுக்கும்போது எண்ணெயும் கூடவே வந்துவிடுகிறது, பிறகு தண்ணீர் சேர்த்துக் கரைப்பதே மிச்சம். ஏலக்காயை இறக்கும் தறுவாயில் போட்டு மூட வேண்டும். புதினாவின் பச்சை நிறத்தை அமிலம் பழுப்பாக்கிவிடும் என்பதால் அந்தப் பாகில் எலுமிச்சை கூடாது. மாறாகச் சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை நிறமி ஆகையால், பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்தால் கண்முன்னே ஊதாவாக மாறும், குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் கிடைப்பது கடினம். பழச்சாறு சேர்க்கையில் மட்டும் ஓர் எச்சரிக்கை: சாற்றில் பெரும்பகுதி தண்ணீரே என்பதால், அதையும் தண்ணீர்க் கணக்கிலேயே வைத்துச் சர்க்கரையை நிறுக்க வேண்டும்.

இவ்வளவு சர்க்கரை உடலுக்கு என்ன செய்யும் என்பதையும் எண்ணால் சொல்லிவிடலாம். ஒரு டம்ளர் சர்பத்துக்கு 40 மில்லிலிட்டர் பாகு விட்டால் அதில் சுமார் 34 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெளியிலிருந்து சேரும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும் என்கிறது, 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் சில புட்டிகளில் பூஞ்சை பூப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூடியில் இருக்கிறது. சூடான பாகை ஊற்றி உடனே மூடிவிட்டு நிமிர்த்தி வைத்தால், எழும் நீராவி புட்டியின் கழுத்தில் குளிர்ந்து துளியாகிப் பாகின்மேல் சொட்டுகிறது. பாகு அடர்த்தியானது ஆகையால் அந்த நீர் கலக்காமல் மேலே ஒரு மெல்லிய படலமாகத் தங்குகிறது. புட்டி முழுவதும் 65 விழுக்காடாக இருக்க, அந்தப் படலம் மட்டும் 40-ஆகவோ 30-ஆகவோ இருந்தால் பூஞ்சைக்கு அதுவே போதும். ஆறியபின் மூடுவதோ, சூடாக மூடியதும் புட்டியைச் சில நிமிடம் தலைகீழாகச் சாய்த்துப் பின் நன்றாகக் குலுக்கி வைப்பதோ இதைத் தடுக்கும். புட்டியையும் மூடியையும் வெந்நீரில் கொதிக்கவைத்து ஈரம் போக உலர்த்தியிருக்க வேண்டும். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. அடியில் படிகம் கண்டால் பாகைக் கீழே கொட்ட வேண்டியதில்லை, புட்டியை வெந்நீரில் நிறுத்தி, எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்துக்கொள்ளலாம். மூடியைத் திறக்கையில் சீறல் கேட்டாலோ, மேலே நுரையும் புளித்த வாடையும் இருந்தாலோ, பூஞ்சையின் சிறு புள்ளி தெரிந்தாலோ, மேற்பரப்பை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைக் காய்ச்சிக் குடிக்க முயலாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.